வளரிளம் பருவத்தினர், சமூக ஊடகம், தனியுரிமை: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

முக்கியக் குறிப்புகள்

- பிறர் முன் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்வது என்று முயன்று பார்ப்பது வளரிளம் பருவத்தின் இயல்பு. அது நோயுமன்று, ஒழுக்கக் கேடுமன்று.
- ஒரு படம் அனுமதியின்றிப் பரவினால் குற்றவாளி அதைப் பரப்பியவரே. படத்தில் இருக்கும் பிள்ளை பாதிக்கப்பட்டவர்.
- பாதிப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது, செய்தி தெரிந்த முதல் நாளில் குடும்பம் நடந்துகொள்ளும் விதமே.
- மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

தனியுரிமை என்றால் என்ன?

தன்னைப் பற்றிய எந்தச் செய்தி யாரிடம் எந்த அளவுக்குச் சேர வேண்டும் என்பதை ஒருவர் தாமே தீர்மானிக்கும் உரிமை தனியுரிமை எனப்படும். ஒளித்து வைப்பதற்குக் குற்றம் ஏதும் இருந்தால்தான் தனியுரிமை தேவைப்படும் என்பது தவறான எண்ணம். நோயாளி மருத்துவரிடம் கூறுவதை அண்டை வீட்டாரிடம் கூறுவதில்லை. தோழியிடம் கூறுவதைத் தந்தையிடம் கூறாதிருப்பதும் அத்தகையதே. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவ்வுரிமை 18 வயது நிறைவடையாதவர்களுக்கும் உண்டு.

பிள்ளைகள் ஏன் தம்மைக் காட்டிக்கொள்ள விழைகின்றனர்?

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை தேடும் காலம் இது. விடையைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒத்த வயதினரின் கண்களில் தேடுகின்றனர். எல்லோரும் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்ற உணர்வு இவ்வயதில் மிகுதி. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்' என்று பெயரிட்டார். அன்று கற்பனையாக இருந்த அந்தப் பார்வையாளர் கூட்டம் இன்று எண்ணிக்கையுடன் கைப்பேசித் திரையில் தெரிகிறது.

மூளை வளர்ச்சியும் இதற்கு ஒரு காரணம். பாராட்டையும் இன்பத்தையும் உணரும் மூளைப் பகுதிகள் இவ்வயதில் விரைந்து செயல்படுகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ 20 வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 18 வயதுடைய 32 பேருக்குப் படங்களைக் காட்டி அவர்களது மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்தனர். மிகுந்த 'லைக்' பெற்றதாகக் காட்டப்பட்ட தம் படங்களைப் பார்க்கும்போது, அவர்களது மூளையின் வெகுமதி உணரும் பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. ஆபத்தான செயல்களைக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. 'புத்தி சொல்லியும் கேட்கவில்லையே' என்று வருந்தும் பெற்றோர் இவ்வளர்ச்சி நிலையை நினைவில் கொள்ள வேண்டும்.

சமூக ஊடகத்தில் புதிதாக இருப்பது என்ன?

இப்பகுதிகளில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கூத்தில் வேடம் கட்டும் இடம் வேறு, ஆடும் களம் வேறு. வேடம் கட்டும் இடத்துக்குள் ஊரார் நுழைவதில்லை. அன்றாட வாழ்விலும் மனிதர்கள் இவ்வாறே முன்மேடை, பின்மேடை என்று பிரித்து வாழ்கின்றனர் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களில் எழுதினார். வகுப்பில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், தோழர்களிடையே ஒரு முகம் என்று இருப்பது பொய்மையன்று. இடமறிந்து நடத்தலாகும்.

சமூக ஊடகத்தில் இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள திரை மெலிந்துவிடுகிறது. தோழியருக்காகப் பதிவிட்ட நடனத்தை ஆசிரியரும், சித்தப்பாவும், தந்தையுடன் பணிபுரிபவரும், முகமறியாத ஒருவரும் ஒரே நேரத்தில் பார்க்கின்றனர். மேலும் மூன்று வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும்.

- நிலைத்திருத்தல்: 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸையும் பார்ப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள முடியும்.
- பெருகுதல்: ஒருவருக்கு அனுப்பிய படம் குழுக்களின் வழியே சில மணி நேரத்தில் பல நூறு பேரை அடையலாம்.
- திரிபு: செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் ஒரு சாதாரண முகப்படத்தை ஆபாசப் படமாக மாற்ற இயலும். ஆகவே 'நீ ஏன் அப்படிப்பட்ட படத்தை அனுப்பினாய்?' என்ற கேள்வி பல நேரங்களில் அடிப்படையற்றது. பிள்ளை அத்தகைய படம் எதையும் அனுப்பாமலே இருக்கலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குரிய சூழல்

பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பகுதிகளிலிருந்து பலர் ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிஃப்டில் இருக்கும் வீடுகளில், பிள்ளையைத் தொடர்பு கொள்வதற்காகவே கைப்பேசி வாங்கித் தரப்படுகிறது. அக்கைப்பேசியே பிள்ளையின் துணையாகவும் ஆகிவிடுகிறது. ஆகையால் 'ஃபோனைப் பிடுங்கிவிடுங்கள்' என்ற அறிவுரை இக்குடும்பங்களுக்குப் பொருந்தாது. பின்வரும் நடைமுறைகள் இங்குக் கூடுதல் கவனம் பெற வேண்டும்.

*பகிரப்படும் கைப்பேசி:* ஒரே கைப்பேசியை அண்ணன், தங்கை, தாய் மூவரும் பயன்படுத்தும்போது ஒருவரின் படங்களை மற்றவர் காண இயலும். செயலிகளுக்குத் தனிப் பூட்டு அமைக்கலாம். கைப்பேசியை விற்கும் முன்பும் பழுது நீக்கக் கொடுக்கும் முன்பும் கணக்குகளிலிருந்து வெளியேறி, படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு, கைப்பேசியில் இருப்பவற்றை முழுவதும் அழிக்க வேண்டும்.

*விடுதி வாழ்வு:* பள்ளிப் படிப்பை முடித்த உடனேயே பல பெண்கள் தொழிற்சாலை விடுதிகளுக்குச் செல்கின்றனர். 2025 நவம்பரில் ஓசூர் அருகே நாகமங்கலத்தில் பெண் தொழிலாளர் விடுதியொன்றின் குளியலறையில் மறைவாக கேமரா வைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, பெருந்திரளான பெண்கள் போராட்டத்தில் ஈடுபட்டனர். அவர்கள் ஒன்றுகூடி உடனே குரல் எழுப்பியதே விசாரணைக்கும் கைதுக்கும் வழிவகுத்தது.

*மாநில எல்லை:* இங்குள்ள பிள்ளைக்குத் தொல்லை தருபவர் அத்திப்பள்ளியிலோ பெங்களூருவிலோ இருக்கலாம். 'அது கர்நாடகம், இங்கே புகார் எடுக்கமாட்டார்கள்' என்று தயங்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம். அது பதிவு செய்யப்பட்டு உரிய நிலையத்துக்கு மாற்றப்படும்.

*குழந்தைத் திருமணம்:* ஒரு படமோ குறுஞ்செய்தியோ வெளியே தெரிந்தவுடன், பெண்ணின் படிப்பை நிறுத்தி விரைவாக மணம் முடித்துவிட முயலும் குடும்பங்கள் உள்ளன. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அத்துடன், இளவயதுக் கருவுறுதலால் இரத்தசோகை, பேறுகால வலிப்பு, எடை குறைந்த குழந்தை போன்ற உடல்நலக் கேடுகளும் கூடுகின்றன. கைப்பேசியில் தொடங்கிய சிக்கலுக்குத் திருமணம் தீர்வாகாது.

பெற்றோரின் பதிவுகளும் பிள்ளையின் தனியுரிமையே

பிள்ளையின் முதல் படத்தை இணையத்தில் ஏற்றுபவர் பெரும்பாலும் பெற்றோரே. மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் ஃபிளெக்ஸ் பலகையிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இடம்பெறுகின்றன. ஒரு சிறுமி பூப்பெய்தினாள் என்பது அவளது உடல் பற்றிய செய்தி. உடன் படிக்கும் மாணவர்கள் அதைக் கண்டு கேலி செய்ததால் பள்ளிக்குச் செல்லத் தயங்கும் சிறுமியர் உண்டு. விழா எடுப்பது குடும்பத்தின் விருப்பம். படத்தைப் பொதுவெளியில் இடுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பது அவளுக்குரிய மரியாதை. மதிப்பெண் பட்டியல், பள்ளி அடையாள அட்டை, ஆதார் அட்டை, மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் படங்களையும் பதிவிட வேண்டாம். கேட்டுப் பதிவிடும் பெற்றோரைப் பார்த்தே பிள்ளையும் பிறரைக் கேட்டுப் பதிவிடக் கற்கிறது.

உடல்நலத்திலும் மனநலத்திலும் ஏற்படும் பாதிப்புகள்

சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் எல்லாப் பிள்ளைகளும் பாதிக்கப்படுவதில்லை. நட்பு, கல்வி, கலைத்திறன் ஆகியவற்றுக்கு அது உதவுவதும் உண்டு. எனினும், நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தும் 12 முதல் 15 வயதினரிடம் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் அறிகுறிகளுக்கான இடர் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுவதை அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2023ஆம் ஆண்டு அறிவுரை சுட்டிக்காட்டியது. தம் உடலைப் பற்றித் தாழ்வாக உணரும் பதின்வயதுப் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வுணர்வை மோசமாக்கியதாகக் கூறினர் என்பது 2021இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள் ஆய்வுக் குறிப்பிலிருந்து தெரியவந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இப்பாதிப்புகள் நேரடியாக வருவதில்லை. வேறு பெயர்களில் வருகின்றன.

- காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, அடிக்கடி மயக்கம்.
- உறக்கக் குறைவு. 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.
- உணவைத் தவிர்த்தல், திடீர் எடைக் குறைவு. ஆண்பிள்ளைகளிடம் உடலைப் பெருக்கும் நோக்கில் அறிவுரையின்றி மாவு, ஊசி முதலியவற்றைப் பயன்படுத்துதல்.
- முகம் சிவத்தல், தோல் மெலிதல், பருக்கள். ஃபில்டரில் தெரியும் நிறத்தைப் பெற விரும்பி, மருத்துவர் சீட்டின்றி வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசுவது இதற்கு ஒரு காரணம். இக்களிம்பைத் தொடர்ந்து பூசியவர்கள் மருத்துவரை அணுகி, அவர் கூறும் முறையில் நிறுத்த வேண்டும்.
- இருசக்கர வாகன சாகசம், நீர்நிலை, இரயில் பாதை ஆகியவற்றில் ரீல்ஸ் எடுக்கும்போது ஏற்படும் காயங்கள்.
- பள்ளி செல்ல மறுத்தல், கைப்பேசி ஒலித்தாலே பதறுதல், அல்லது கைப்பேசியைத் திடீரென முற்றிலும் ஒதுக்கிவிடுதல்.
- வீட்டில் பணம் காணாமற்போதல், நகையை அடகு வைத்தல். மிரட்டிப் பணம் பறிக்கப்படுவதன் அறிகுறியாக இது இருக்கலாம். ஆண்பிள்ளைகளை முகமறியாத கணக்கிலிருந்து காணொளி அழைப்புக்கு இழுத்து, அதைப் பதிவு செய்து மிரட்டுவது பரவலாக உள்ளது. வெட்கத்தால் அவர்கள் பெண்பிள்ளைகளை விடவும் தாமதமாகவே வாய் திறக்கின்றனர்.

இரு நிகழ்வுகள் கற்பிப்பவை

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில், வேதியியல் பட்டதாரியான 21 வயதுப் பெண்ணின் முகம் ஆபாசப் படத்துடன் இணைக்கப்பட்டு ஃபேஸ்புக்கில் வெளியானது. குடும்பம் காவல்துறையை அணுகியது. நடவடிக்கை தாமதமான நிலையில் இரண்டாவது படமும் வெளியானது. அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தம் சொல்லைப் பெற்றோரே நம்பவில்லை என்ற வேதனையை அவர் எழுதி வைத்திருந்தார். காவல்துறையின் குறைபாட்டுக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பொதுவில் மன்னிப்புக் கோரினார். படத்தை உருவாக்கிய இளைஞர் சில நாள்களிலேயே கைது செய்யப்பட்டார். அந்தச் சில நாள்களைக் கடக்க அப்பெண்ணுக்குத் தேவைப்பட்டது, 'நீ செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும்' என்ற ஒரு சொல். பெற்றோர் கல்நெஞ்சர் அல்லர். அதிர்ச்சியில் எழும் முதற்கேள்வி பிள்ளையின் செவியில் குற்றச்சாட்டாக விழுகிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

பொள்ளாச்சியில் இளம்பெண்களுடன் பழகி, அவர்களைத் துன்புறுத்திப் படமெடுத்து மிரட்டிய குற்றம் 2019 பிப்ரவரியில் ஒருவர் துணிந்து அளித்த புகாரால் வெளிவந்தது. புகார் அளித்தவரின் அடையாளம் அதிகாரபூர்வ வழியிலேயே வெளியானதால், அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்ததுடன், பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் வழங்குமாறு பரிந்துரைத்தது. புகார் அளித்தால் பெயர் கெடும் என்ற அச்சத்தைத்தான் மிரட்டுபவர்கள் முதலீடாகக் கொண்டிருந்தனர். அச்சம் நீங்கிய இடத்தில் அவர்களது வலிமையும் நீங்கியது.

படம் பரவிவிட்டது அல்லது மிரட்டல் வந்துள்ளது: உடனே செய்ய வேண்டியவை

1. பிள்ளையை அமர வைத்துப் பேசுங்கள். 'என்னிடம் சொன்னது நல்லது. இது உன் தவறன்று. சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று கூறுங்கள். விவரங்களைப் பிறகு கேட்கலாம். அடிப்பது, கைப்பேசியை உடைப்பது, பள்ளியை நிறுத்துவது ஆகியவற்றைச் செய்யக் கூடாது.
2. தனியே விடாதீர்கள். முதல் சில நாள்கள் இரவிலும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி, எலி மருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டில் ஒப்படையுங்கள்.
3. பணம் கொடுக்காதீர்கள், மேலும் படம் அனுப்ப விடாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை.
4. சான்றுகளைக் காத்துக்கொள்ளுங்கள். மிரட்டியவரின் கணக்குப் பெயர், இணைய முகவரி, தொலைபேசி எண், உரையாடல், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம். ஆபாசப் படத்தை உறவினருக்கோ ஆசிரியருக்கோ 'பார்ப்பதற்காக' அனுப்பக் கூடாது. கைப்பேசியை நேரடியாகக் காவல்துறையிடம் காட்டினால் போதும்.
5. நீக்கக் கோருங்கள். செயலியிலேயே 'புகார்' வசதி உள்ளது. ஒருவரது அந்தரங்கப் படம் அல்லது திரித்த படம் பற்றிய புகார் கிடைத்ததும் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கும் கடமையை 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்கு விதித்தன. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கு 'டேக் இட் டவுன்', வயது வந்தோர் படங்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' ஆகிய கட்டணமற்ற பன்னாட்டுச் சேவைகள் உள்ளன. இவற்றில் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே படத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாள எண் மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குச் செல்லும்.
6. புகார் அளியுங்கள். 1930 எண்ணிலும், தேசிய சைபர் குற்றப் புகார் வலைதளத்திலும், அருகிலுள்ள காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். குழந்தைகள் தொடர்பான படங்களைப் பற்றி அவ்வலைதளத்தில் பெயர் குறிப்பிடாமலும் தெரிவிக்கலாம்.

சட்டம் கூறுவது

- ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது.
- 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை உருவாக்குவதும், தேடுவதும், பகிர்வதும் அதே சட்டத்தின் 67பி பிரிவின்படியும் போக்சோ சட்டத்தின்படியும் குற்றம். அத்தகைய படத்தை நீக்காமலும் தகவல் தெரிவிக்காமலும் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை மாற்றி, உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று தெளிவுபடுத்தியது. 'எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்' என்று கூறும் மாணவருக்கும் இது பொருந்தும் என்பதைப் பிள்ளைகளிடம் எடுத்துக்கூற வேண்டும்.
- பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது.
- 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது விலக்குகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

கண்காணிப்பதா, வேவு பார்ப்பதா?

பிள்ளைக்குத் தெரியாமல் செய்திகளைப் படித்தல், உளவுச் செயலி நிறுவுதல் ஆகியவை வேவு பார்த்தலாகும். அது தெரியவரும் நாளில் பிள்ளை இரண்டாவது கணக்கைத் தொடங்கும், ஆபத்து நேரும்போதும் பெற்றோரிடம் வராது. முன்கூட்டியே பேசி வகுத்த விதிகளின்படி பார்த்துக்கொள்வது கண்காணிப்பாகும். வயதுக்கேற்ப அதன் அளவு மாற வேண்டும்.

- 13 வயதுக்குள்: பெரும்பாலான சமூக ஊடகங்களில் கணக்குத் தொடங்க இவ்வயதினருக்கு அனுமதி இல்லை. பிறந்த ஆண்டை மாற்றிக் கணக்குத் தொடங்கித் தர வேண்டாம். அவ்வாறு செய்தால் சிறுவர்களுக்கான பாதுகாப்பு அமைப்புகளும் செயல்படாமற்போகும்.
- 13 முதல் 15 வரை: கணக்கு 'தனிப்பட்டது' என்ற அமைப்பில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கான பாதுகாப்புக் கணக்குமுறை 2025 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமானது. நண்பர் பட்டியலை மாதம் ஒருமுறை பிள்ளையுடன் அமர்ந்து பார்க்கலாம். நேரில் அறியாதவரை நீக்குமாறு பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள்.
- 16 முதல் 18 வரை: செய்திகளைப் படிக்க வேண்டியதில்லை. இருபடிச் சரிபார்ப்பு, இருப்பிடம் தெரியாதவாறு அமைத்தல், கடவுச்சொல்லை நண்பரிடமும் பகிராதிருத்தல் ஆகியவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அன்பின் சான்றாகக் கடவுச்சொல்லையோ படத்தையோ கேட்பவர் அன்புடையவர் அல்லர் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள்.

எல்லா வயதினருக்கும் பொருந்தும் ஒரு விதி: இரவில் கைப்பேசிகள் அனைத்தும் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்யப்பட வேண்டும். பெற்றோரின் கைப்பேசிக்கும் இவ்விதி பொருந்தும். இரவு ஷிஃப்டுக்குச் செல்லும் பெற்றோர், வீட்டில் இருக்கும் பெரியவரிடம் சாதாரணக் கைப்பேசி ஒன்றைக் கொடுத்துச் செல்லலாம்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

மேற்கூறிய அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். பின்வருவனவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் அன்றே அணுகுங்கள்: 'நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்' என்பது போன்ற பேச்சு, உடலில் கீறல் காயங்கள், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், முற்றிலும் பேசாதிருத்தல். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. பேசுவதற்கு வழி திறக்கும்.

மருத்துவமனையில் பிள்ளையின் தனியுரிமை

முதலில் பெற்றோருடனும், பிறகு பிள்ளையுடன் தனியாகவும் மருத்துவர் பேசுவார். தாம் வெளியே அனுப்பப்படுவதாகப் பெற்றோர் வருந்த வேண்டியதில்லை. வீட்டில் கூறாததைப் பிள்ளை கூறுவதற்கான வாய்ப்பு அது. மனநலம் பேணல் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களின் இரகசியத்தைப் பாதுகாக்கிறது. பள்ளிக்கோ பணியிடத்துக்கோ மருத்துவமனை தகவல் அனுப்பாது.

இதற்கு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து இருக்குமானால் அதைப் பெற்றோரிடம் தெரிவிப்போம். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்துள்ளது எனத் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை. இதனைத் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் கூறிவிடுவது முறை. தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படும். கைப்பேசிப் பயன்பாடு கட்டுக்கடங்காத நிலையில் இருப்பவர்களுக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2014 முதல் தனிச் சிறப்புப் பிரிவு செயல்படுகிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*என் மகள் பதிவிட்ட படத்தில் தவறு ஏதுமில்லை. ஆனால் உறவினர்கள் பேசுகிறார்கள். நீக்கச் சொல்ல வேண்டுமா?*
படத்தில் இருப்பிடம், பள்ளிப் பெயர், பிறர் முகம் ஆகியவை தெரிகின்றனவா என்று மகளுடன் சேர்ந்து பாருங்கள். பாதுகாப்புக் காரணம் இருந்தால் நீக்கலாம். பேச்சுக்காக மட்டும் நீக்கச் செய்தால், தம் உடலும் முகமும் வெட்கத்துக்குரியவை என்ற பாடத்தையே அவர் கற்பார்.

*மகன் வேறொரு பெண்ணின் படத்தைக் குழுவில் பகிர்ந்துவிட்டான். என்ன செய்வது?*
உடனே பகிர்வதை நிறுத்தி, குழுவிலிருந்து நீக்கச் செய்யுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் 1098 எண்ணிலும் தெரிவியுங்கள். மூடி மறைப்பது அப்பெண்ணின் துன்பத்தை நீட்டிக்கும், மகனின் நிலையையும் மோசமாக்கும். அவனுக்கும் ஆலோசனை தேவை.

*எங்கள் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறோம். தொலைபேசி ஆலோசனை கிடைக்குமா?*
கிடைக்கும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை (14416) தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் 24 மணி நேரமும் செயல்படுகிறது.

உதவி எண்கள்

- டெலி மானஸ் மனநல உதவி: 14416
- தமிழ்நாடு அரசு சுகாதார உதவி: 104
- குழந்தைகள் உதவி: 1098
- பெண்கள் உதவி: 181
- பள்ளிக் கல்வித் துறை உதவி: 14417
- சைபர் குற்றப் புகார்: 1930
- அவசர உதவி: 112, ஆம்புலன்ஸ்: 108

இந்த எண்களைப் பிள்ளையின் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள். அப்போது, 'எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், கோபப்படமாட்டோம்' என்றும் சொல்லி வையுங்கள். ஒருநாள் பிள்ளை வந்து சொல்லும்போது அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.